ஹால்வாரின் புகையிலை

"ஹால்வார் எங்கே?"

ஓலவாவின் அலறலில் ட்ரோம்ஸோ துறைமுகமே ஒரு நொடி ஸ்தம்பித்தது!

கப்பலிலிருந்து இறங்கியவன் ஐலெர்ட் மட்டும்தான். போன கோடையில் ஆளில்லாத ஸ்பிட்ஸ்பெர்கன் பனித்தீவுக்கு வெள்ளை நரி பிடிக்கப் போனவர்களோ இரண்டு பேர்.

ஐலெர்ட் தொப்பியைக் கழற்றினான். வழியெல்லாம் பழகி வைத்திருந்த சோகத்தை முகத்தில் மாட்டிக்கொண்டான்.

"ஏப்ரல்ல... பனிக்கட்டி உடைஞ்சு... கடல் கொண்டுபோயிருச்சு ஓலவா. உன் புருஷன் உடம்புகூடக் கிடைக்கல!"

அவள் சரிந்தாள். அவன் தாங்கிக்கொண்டான். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே!

அங்கிருந்து எல்லோரும் நேராகக் குன்வோரின் கடைக்குப் போனார்கள். பயணத்துக்குப் பணம் போட்டவள் அவள். மாவிலிருந்து தோட்டா வரை மூட்டை கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். மரணத்தைப் பதிவு செய்ய இன்ஸ்பெக்டர் மொன்ராட் வந்திருந்தார். மூலையில் ஓலவா, அழுது வீங்கிய முகத்தோடு.

ஐலெர்ட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் முடித்துத் தொலைக்க மாட்டார்களா!

"போகும்போதே கப்பல்ல ரெண்டு பேருக்கும் அடிதடியாமே?" என்றார் மொன்ராட்.

"அது சும்மா சார்! கரை இறங்கினதும் சமாதானம் ஆயிட்டோம். குளிர்காலம் பூரா ஒரே குடிசை, ஒரே அடுப்பு... அண்ணன் தம்பி மாதிரி! பிடிச்ச தோல்ல பாதி ஓலவாவுக்குத்தான். அவன் போனாலும் அவன் பங்கு பங்குதான் சார்!"

மொன்ராட் தலையாட்டினார். பாவம், நல்லவன் போலிருக்கிறதே!

ஐலெர்ட் உள்ளுக்குள் சிரித்தான். பாதி தனக்கு. பாதி ஓலவாவுக்கு. துக்கம் ஆறியதும் ஓலவாவே தனக்கு. ஆக மொத்தமும் தனக்கு!

"கையெழுத்து அப்புறம்." குன்வோர் அவனுக்குக் காபி ஊற்றினாள். "முதல்ல வழக்கம்போல என்னைத் திட்டு."

வேட்டையிலிருந்து திரும்பியவன், சரக்கு கட்டிக் கொடுத்தவளை ஒரு மூச்சு திட்டித் தீர்க்க வேண்டும். அந்த ஊரில் அதை யாரும் தவறவிட்டதில்லை.

"மாவுல வண்டு!"

"அப்புறம்?"

"வெண்ணெய் ஒரே கசப்பு. உங்க அடுப்பு புகைஞ்சு புகைஞ்சு என் கண்ணே போச்சுக்கா!"

"ஹால்வார் என்ன திட்டினான்?"

"அவனா? அவன் உங்களைத் தெய்வம்னான்!"

"என்னையா?"

"புகையிலை அப்படி! நான் அந்தச் சனியனைத் தொடவே மாட்டேன். அவன் காலையில அடக்கினா ராத்திரிதான் துப்புவான். கடைசி நாள்கூட வாய் நிறைய அடக்கிக்கிட்டுத்தான்... பனி மேல நடந்தான்..."

குரலை உடைத்துக்கொண்டான்.

குன்வோர் காபிக் கெண்டியைத் தடாலென்று வைத்தாள். காபி மேஜையெல்லாம் சிந்தியது.

அவள் குனிந்தாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து அவன் முன்னால் தொப்பென்று போட்டாள். அடித்த ஆணி அடித்தபடியே இருந்தது. மேலே ஹால்வாரின் பெயர்!

"என்... என்னக்கா இது?"

"அவனோட புகையிலை! வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமும்! கப்பல் போனதுக்கப்புறம்தான் பார்த்தேன்... ஏத்த மறந்துட்டேன்டா! அவன் வந்து என்னைக் கிழிக்கப் போறான்னு வருஷம் பூரா பயந்துகிட்டுக் கிடந்தேன்!"

ஐலெர்ட்டின் கண் கதவுப் பக்கம் போனது.

"அது... வேற எங்கயாவது வாங்கி..."

"அங்க என்ன சந்தையா கூடுது?"

ஓலவா எழுந்துவிட்டாள். அவள் கண்ணில் இப்போது கண்ணீர் இல்லை. நெருப்பு!

"புகையிலை இல்லேன்னா என் புருஷன் அரைநாள் தாங்கமாட்டான்! முதல் ராத்திரியே குடிசையைத் தலைகீழாப் புரட்டியிருப்பான். பெட்டி வராததே உனக்குத் தெரியல... அப்போ அந்த ராத்திரிக்கே அவன் உயிரோட இல்லையாடா?"

ஐலெர்ட் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

மொன்ராட்டின் கால் குறுக்கே நீண்டது. உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி விழுந்தான்!

"கப்பல்ல எல்லார் முன்னாடியும் என்னை அடிச்சான் சார்... கப்பல் கண்ணுக்கு மறைஞ்சதும்... பாறையிலேர்ந்து ஒரே ஒரு தள்ளுதான்..."

ஓலவா முகத்தை மூடிக்கொண்டாள். குன்வோர் அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

மொன்ராட் விலங்கை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"புகையிலை போடுறவன் உருப்படமாட்டான்னு எங்க பாதிரியார் சொல்லிக்கிட்டே இருப்பாரும்மா. போடாதவன் கதியே இதுன்னா... எனக்கு ஒரு கட்டு குடுங்க!"