சூடு ஆறாத பெட்டி

பெட்டி இன்னும் சூடாகவே இருந்தது. சகலையின் மேசையில் ஒயரைப் பிடுங்கி, துணிப்பையில் போட்டு, இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் எந்த இரும்பும் ஆறிப்போயிருக்கும். தராசுக்காரர் மறுபடி தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி சுட்டது. அவர் பயப்படவில்லை, மகிழ்ந்துபோனார். இந்த மாதிரிப் பெட்டி ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி நிதானத்துக்கு வர ஒரு வாரம் பிடிக்கும். இது இப்போதே தயார்.

கடைகளுக்குத் தராசு பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. பின்னறையில் இருந்த நீண்ட அலை வானொலி ட்ரான்ஸ்மிட்டர்தான் அவர் உயிர். கடலுக்கு அப்பால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன் ரிசீவரில் விழும் அலைகளையெல்லாம் கோடுகளாக இணையத்தில் காட்டுவார். அனுப்புகிறவரின் அலைவரிசை மயிரிழை நகர்ந்தாலும் நேராக ஓட வேண்டிய கோடு வளைந்துவிடும்.

தராசுக்காரரின் கோடு ஐந்து வருடமாகத் துணிக்கொடி போலத் தொய்ந்தே கிடந்தது. முதலில் அலைவரிசையைக் காக்க சாதாரண கிரிஸ்டல் போட்டுப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தாலே அது நகர்ந்தது. பிறகு செயற்கைக்கோள் நேரத்தைப் பிடித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சர்க்யூட் பலகை. பக்கத்து மாடி வானத்தை மறைத்ததில் அது அடிக்கடி தடம் மாறியது. சகலையோ லிஃப்ட் மெக்கானிக், அவருக்கும் இதே ட்ரான்ஸ்மிட்டர் பித்து. எங்கிருந்தோ இந்தப் பெட்டியைத் தேடிக் கொண்டுவந்தார். உள்ளே இருக்கும் கிரிஸ்டலை எப்போதும் ஒரே சூட்டில் காக்கிற பெட்டி. அன்றிலிருந்து சகலையின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஓடியது.

"சின்ன மாப்பிள்ளை கை பட்டா எதுவும் சோடை போகாது" என்று மாமனார் சபையில் சொன்ன அன்று தராசுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொந்த மனைவியின் தங்கை வீட்டுக்காரர், தன்னைவிட எட்டு வயது சின்னவர் என்று தனக்குத்தானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் எரிச்சல் அடங்கவில்லை.

அந்தச் சகலைதான் நேற்று இந்தப் பெட்டியின் மேல் கை வைத்தபடியே செத்துக் கிடந்தார். இன்று காலை எல்லோரும் உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்தபோது தராசுக்காரர் மட்டும் நைசாக மாடி ஏறினார்.

பிற்பகல் மூன்று மணிக்கு இணைப்பு கொடுத்துவிட்டு, இடது கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டார். ட்ரான்ஸ்பார்மர் ஈ மாதிரி முரல, சூடேறிய தூசியின் வாடையும் பழைய ஈயப்பற்றின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருக்க, திரையில் அவர் கோடு புறப்பட்டது. நேராக. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

போனில் வாத்தியாரின் செய்தி வந்தது. "பிரமாதம்! உங்க சகலையோடதவிட நேரா இருக்கு."

அதை நான்கு முறை படித்தார். பிறகுதான் மீட்டர் முள்ளைப் பார்த்தார். பெட்டி தன்னைச் சூடாக்க எடுக்கும் மின்சாரத்தை அந்த முள் காட்டும். அது பூஜ்யத்தில் நின்றது. ஒயரை ஆட்டினார். தட்டினார். முள் அசையவில்லை.

அப்படியென்றால் சூடு எங்கிருந்து வருகிறது?

பெட்டியின் மேல் வைத்திருந்த இடது கையை எடுத்தார். கோடு தொய்ந்தது. பதறிப்போய் மறுபடி வைத்தார். நிமிர்ந்தது. எடுத்தார். தொய்ந்தது. வைத்தார்.

விரல்கள் மரத்துப்போயிருந்தன. குளிர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்திருந்தது. வெளியே நல்ல வெயில். சகலை எப்படிச் செத்தார் என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. கையை எடுத்தால் போதும். அதுவும் தெரியும்.

எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. தோள். பிறகு கழுத்து. பற்கள் கிட்டித்தன. கையை எடுக்காமலே கோடு மெல்லத் தொய்யத் தொடங்கியது. அவரிடம் சூடு தீர்ந்துகொண்டிருந்தது.

மறுபடி வாத்தியார். "லேசா இறங்குது. பரவால்ல. எல்லாரும் உங்க சகலை ஆயிட முடியுமா?"

செத்த பிறகுமா அவன்?

கதவு திறந்தது. அழுது வீங்கிய கண்களோடு மனைவி நின்றாள்.

"என்னங்க, பாதியிலயே வந்துட்டீங்க? தங்கச்சி ஏதோ பெட்டியக் காணோம்னு..." மேசையைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அடப்பாவமே! பொணம் வீட்ல இருக்கும்போதேவா எடுத்துட்டு வந்தீங்க?"

அவர் பெட்டியை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"உதடெல்லாம் ஏன் இப்படி கறுத்துக் கிடக்கு? முதல்ல அதை விடுங்க." கிட்டே வந்து பெட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ! என்ன இது, உள்ள இழுக்குது..."

கோடு துள்ளி நிமிர்ந்தது.

அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. தராசுக்காரர் தன் வலது கையைத் தூக்கி அவள் கையின் மேல் வைத்தார். பெட்டியோடு சேர்த்து அழுத்தினார். முழு பலத்தோடு.

"விடுங்க... குளிருதுங்க... என்னங்க..."

கோடு நேராக ஓடியது. சகலையுடையதைவிட நேராக.

அவள் நகங்கள் ஒவ்வொன்றாக நீலம் பாரித்தன. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.