அடுத்த ஆட்டம் வரைக்கும்

சட்டையை ஊறவைக்கும்போதுதான் அவளுக்கு உறுத்தியது. தியேட்டர் நாற்காலியில் சாய்ந்து படம் பார்க்கிறவனுக்கு முதுகில்தானே அழுக்குப் பட வேண்டும்? கணவனின் சட்டையில் முதுகு பளிச்சென்று இருந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும்தான் கருப்பாக, பிசுபிசுவென்று, விரலால் இழுத்தால் நூலாக நீளும் ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். சட்டென்று தள்ளிப் பிடித்தாள்.

"எங்க போய் விழுந்து புரண்டீங்க?"

"தியேட்டர்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டினான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் பைத்தியமாகப் பார்த்த படத்தை அதே தியேட்டரில் மறுபடி போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மதிய ஆட்டத்துக்கு ஓடுவதே அவனுக்குப் பிழைப்பாகிவிட்டது. வீட்டில் சாப்பாட்டைத் தொடுவதில்லை. நாளைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். படம் முடிந்ததும் ஆளைக் கையோடு அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவது என்று அவளும் கூடவே கிளம்பினாள்.

உள்ளே காலை வைத்ததுமே, ஈரம் காயாத மெத்தையும், நாற்காலி முதுகுகளில் ஊறிப்போன தலை எண்ணெயும், கொட்டிப் புளித்த குளிர்பானமும், எந்த மூலையிலோ செத்துக் கிடக்கும் எலியும் ஒன்றாகக் கலந்த நாற்றம் தொண்டைவரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது; தரை அவள் செருப்பைப் பிடித்துவைத்து, ஒவ்வோர் அடிக்கும் பச்சக்கென்று மனமில்லாமல் விட்டது. அரங்கம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எல்லாம் அவன் வயது ஆண்கள். ஒருவர் முகத்திலும் எந்தச் சலனமும் இல்லை.

படம் ஓட ஆரம்பித்ததும் அவன் ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு முணுமுணுத்தான். பின்வரிசையும் முணுமுணுத்தது. பிறகு அரங்கம் முழுவதும், ஈர வாயோடு, ஒரே குரலில்.

இடைவேளையில் அவன் உற்சாகமாகப் பேசினான்.

"சின்ன வயசுல ஒரே டிக்கெட்ல மூணு ஆட்டம் பாப்போம் தெரியுமா? படம் முடிஞ்சதும் சீட்டுக்கு அடியில படுத்துக்குவோம். பெருக்கறவங்க போனதும் எந்திரிச்சு உக்காந்துக்குவோம்."

"இந்தத் தரையிலயா? கருமம்."

"பசிச்சா அங்கேயே ஏதாச்சும் கிடைக்கும்" என்று சிரித்தான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

படம் முடிந்தது. கதவைத் திறந்தார்கள். வெயில் உள்ளே விழுந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"எந்திரிங்க. முதலாளிய நேர்ல பாத்துப் பேசிடலாம்."

அவன் எழுந்தான். எல்லோரும் எழுந்தார்கள். ஆனால் ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை. நரைத்த தலைகளும் வழுக்கைத் தலைகளுமாக, பேச்சுமூச்சில்லாமல் மண்டியிட்டார்கள். குப்புறப் படுத்தார்கள். வயிற்றால் நகர்ந்து நாற்காலிகளுக்கு அடியில் நுழைந்துகொண்டார்கள். அவனும்தான்.

"என்னங்க இது? எந்திரிங்க."

"சத்தம் போடாத. பெருக்க வந்துட்டாங்க."

பெருக்குகிறவள் துடைப்பத்தோடு வந்தாள். பெருக்கவில்லை. இடுப்பிலிருந்த தட்டில் மிச்சம் மீதியாய்க் கிடந்த நமத்துப்போன சோளப்பொரியைக் கோழிக்குத் தீனி போடுவதுபோல வரிசை வரிசையாக இறைத்துக்கொண்டே போனாள். தரையெங்கும் நக்கும் சத்தம். உறிஞ்சும் சத்தம்.

அவளைப் பார்த்ததும் பெருக்குகிறவள் நின்றாள். "புதுசா? சீக்கிரம் படும்மா. அடுத்த ஆட்டம் போடணும்."

அவள் குனிந்து கணவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். கன்னம் தரையை விடவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். தோல் இழையாக நீண்டது. அவன் வலியென்று முனகக்கூட இல்லை. நாக்கை நீட்டி, நாற்காலிக் காலில் தரையோரமாக யாரோ ஒட்டிவைத்த சூயிங்கத்தை நெம்பிக்கொண்டிருந்தான். அது வந்தது. மென்றான். கண்ணை மூடி மென்றான்.

கதவுகள் சாத்தப்பட்டன. விளக்கு அணைந்தது. திரை வெளிச்சம் வந்தது.

அவன் வாயிலிருந்ததைப் பாதியாகப் பிய்த்து அவள் உதட்டருகே நீட்டினான். சூடாக இருந்தது. அதில் யாருடைய முடியோ. அவனுடைய பல் ஒன்று.

"உனக்குத்தான்," என்றான் ஆசையாக. "மெல்லு."