பேர் போட்ட வாரம்

காலை 6.10. லாவண்யா பீரோவைத் திறந்தாள். நேற்று சாயங்காலம் வைத்துப் பூட்டிய மஞ்சள் உறையைக் காணோம்.

உறைக்குள் தாத்தாவின் குடும்ப அட்டை இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது கொடுத்தது. குடும்பப் படம் ஒட்டியது. அந்த ஒப்பந்தம்தான் சர்வதேச உறவுகள் எம்.ஏ.வில் லாவண்யாவின் ஆய்வு. பதினொரு மணிக்கு வைவா. அசல் அட்டை வராவிட்டால் மூன்றாம் அத்தியாயம் செல்லாது என்று கைடு மமதா மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். சுள்ளியாவிலிருந்து சொர்ணம் அத்தை நேற்றுதான் கொண்டுவந்தாள். காலையில் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று உறையைப் பிரிக்காமலே விட்ட தன் சோம்பலை லாவண்யா திட்டித் தீர்த்தாள்.

அழ நேரமில்லை. லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை வீடு. வாசல் கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது. லேப்டாப்பும் செத்துப்போன அம்மாவின் கம்மலும் அப்படியே இருந்தன. வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: லாவண்யா, அத்தை, அப்பா.

6.25. முதலில் அத்தை.

"நீங்க எடுத்தீங்களா அத்தை?"

"அடி போடி! அவ்ளோ தூரம் மடியில வச்சுக் கொண்டாந்து நானே திருடுவேனா? அந்தப் பீரோ எனக்குத் தொறக்கவே வரல. நேத்து மல்லுக்கட்டிட்டு உன்னத்தானே கூப்பிட்டேன்?"

வாஸ்தவம். சாவி மட்டும் போதாது. முழங்காலால் கதவை ஏற்றிக்கொண்டே திருப்ப வேண்டும். அந்த வித்தை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லாவண்யா.

சரி, அப்பா எதற்காக எடுக்க வேண்டும்? லேப்டாப்பைத் திறந்து, ஆய்வுக்காக எடுத்திருந்த அத்தையின் பேட்டியை மறுபடி படித்தாள். ஒரு வரியில் கண் நின்றது.

'கப்பலுக்கு முந்தின வாரம்தான் தம்பிக்குப் பேர் போட்டாங்க.'

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. அரை நாள் வேலைக்கு அரைப்பேர். அதனால் 'தம்பிக்குக் கூலி பதிந்தார்கள்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தாள். மேடமே மெச்சிய இடம் அது.

"அத்தை, கப்பலேறுறப்ப அப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு."

ஆதார்படி ஒன்பது ஆகியிருக்க வேண்டும்!

"ஆறு வயசுப் பையனுக்கு எவன் கூலி போடுவான்?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

6.50. அடுப்பங்கரையில் அப்பா சந்திரன் பாலைப் பார்த்தபடி நின்றார்.

"அட்டை உங்ககிட்டதான் இருக்குப்பா. படத்துல இருக்கற சந்திரன் வேற பையன். அவன் பேரையும் வயசையும் உங்களுக்குப் போட்டாங்க, அதான் மூணு வயசு இடிக்குது. கூலிப் பேர் இல்ல, நெஜப் பேர். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அந்தச் சந்திரன் காய்ச்சல்ல போயிட்டான்டி," என்று பின்னாலிருந்து அத்தை விம்மினாள்.

அப்பா பனியனுக்குள்ளிருந்து உறையை எடுத்தார்.

"நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைம்மா. எங்க குடும்பத்துக்கு எந்த நாடும் காகிதம் தரல. இவனாவது பொழைக்கட்டும்னு எங்கம்மா இவங்ககூட அனுப்பிடுச்சு. படத்தைப் பாத்தா தெரிஞ்சுடும், மூஞ்சியே வேற. நீ புஸ்தகமா போட்டு லைப்ரரியில வச்சா என்னைப் புடிச்சு அனுப்பிட மாட்டாங்களா? உன் பாஸ்போர்ட் என்னாகும்?"

நாடற்றோர் என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதி மார்க் வாங்கியவள் லாவண்யா. அப்படி ஒரு மனிதர் தினமும் தனக்கு டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறார்!

"உங்க நெஜப் பேரு என்னப்பா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா எழுதிடுவ."

11.20. அட்டை எங்கே என்று மமதா மேடம் கேட்டார். தொலைந்துவிட்டது என்றாள். மூன்றாம் அத்தியாயத்தை என்ன செய்வது என்று கேட்டார். எடுத்துவிடுகிறேன் என்றாள். மேடம் உதட்டைப் பிதுக்கிக் குறித்துக்கொண்டார்.

12.40. பல்கலைக்கழக வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"பாஸா?"

"பாஸ்தான். கிரேடு போச்சு. அட்டை தொலைஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டேன்ப்பா."

பஸ் ஒன்று வந்து போயிற்று.

"ரகு," என்றார்.

"என்னப்பா?"

"எங்கம்மா அப்படித்தான் கூப்பிடும்." "ஒரு தடவ கூப்பிடேன்ம்மா. யாரும் கூப்பிட்டு நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சு."

அப்பாவைப் பேர் சொல்லிப் பழக்கமில்லாத பெண், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.