மிளகுவுக்கு ஆறாவது சீசன்

காலையில் சடை பின்னும்போதுதான் கமலக்கண்ணன் அதைக் கவனித்தான். மகள் ரஞ்சு முக்காலியில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரில் மாட்டிய கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கண் சிமிட்டினாள். அவன் முடியை மூன்று பிரியாக்கி இரண்டு பின்னல் போட்டான். மறுபடி சிமிட்டினாள். பதினெட்டு வருடம் பொம்மைப்படம் வரைந்து பிழைத்தவனுக்கு நேரத்தை நொடியில் எண்ண வராது, ஃப்ரேமில்தான் எண்ண வரும், நொடிக்கு இருபத்தைந்து. ரிப்பன் கட்டி முடிக்கும்வரை மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். நூறு ஃப்ரேமுக்கு ஒரு சிமிட்டல். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

உயிருள்ள கண் அப்படிச் சிமிட்டாது. தூசிக்கும் வெளிச்சத்துக்கும் கூச்சத்துக்கும் தாறுமாறாகச் சிமிட்டும். நூறு ஃப்ரேமுக்கு ஒரு முறை சிமிட்டுகிறவள் அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான். அவள் பெயர் மிளகு.

மிளகு அவன் பெற்ற இன்னொரு மகள் என்று சேனலில் விளம்பரம் செய்வார்கள். கேட்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. ரஞ்சு என்கிற சிவரஞ்சனிக்கு நாலு வயசாக இருந்தபோது, அவளைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஓடவிட்டுப் படம் பிடித்து, அந்த ஓட்டத்தைத் தாள் தாளாக வரைந்து எடுத்தான். அவள் சிரிப்பைப் பதிவு செய்து மிளகுவின் வாயில் வைத்தான். ‘மிளகும் மலையணிலும்’ முதல் சீசன் பதின்மூன்று பாகத்துக்கு இரண்டு வருடம் பிடித்தது. வாய் அசைவு மட்டும் ஒன்பது விதம். ரஞ்சுவுக்கு இடது காதுக்குக் கீழே இருந்த மச்சம் மிளகுவுக்கும் இருந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மிளகு தொலைந்துபோய் அழுகிற காட்சியில், கன்னத்தில் இறங்கிய ஒவ்வொரு சொட்டையும் கையால் வரைந்தான். ஏற்காட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ரஞ்சுவைத் தெருவில் கண்டால் "மிளகு, மிளகு" என்று கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் தொடர் வளர்ந்தது. வளர்ந்தது என்று சேனல்காரர்கள் சொன்னார்கள்.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் மாடல் ஷீட் என்று ஒரு தாள் தயாராகும். பாத்திரம் முன்னாலிருந்து எப்படி, பக்கவாட்டில் எப்படி, பின்னாலிருந்து எப்படி என்று எல்லாக் கோணத்திலும் வரைந்து, வாய்கள், கைகள் எல்லாவற்றையும் அதில் அடக்கிவிடுவார்கள். எத்தனை பேர் உட்கார்ந்து வரைந்தாலும் அந்தத் தாளை மீறக்கூடாது. அதன் அடியில் கமலக்கண்ணன் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும். மிளகுவை உண்டாக்கியவன் என்று அவனுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. அந்த மரியாதைக்கு மயங்கி, இதுவரை ஐந்து சரி போட்டிருந்தான். ஆறாவது மெயிலில் வந்து கிடந்தது.

மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து வேலை அறையில் உட்கார்ந்தான். மனைவி சசிகலா ஒண்டிக்கடை ரவுண்டானாவில் காப்பித்தூள் கடை வைத்திருந்தாள். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். வீடு காலியாக இருந்தது. மார்கழி மூடுபனி சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வந்து ஜன்னலில் நின்றது. பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் அரைத்த தோல் புளித்து நாறியது. தகரக் கூரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது, விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல், உயிருள்ள கண் சிமிட்டுகிற மாதிரி. அந்த ஒழுங்கின்மை அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

புதிய ஷீட்டைத் திறந்தான். மிளகுவுக்கு வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. ஒரே கோடு. வேறு வாய் எதுவும் தாளில் இல்லை.

சேனலின் பிரகாஷுக்குப் போன் போட்டான். பிரகாஷ் சென்னைப் பையன், ஆறு மாசமாக இந்தத் தொடரைப் பார்த்துக்கொள்கிறவன், முதல் சீசனைப் பார்த்ததே இல்லை. இந்த முறை வசனமே கிடையாது, இசை மட்டும்தான், அப்போதுதான் எந்த நாட்டிலும் போடலாம் என்று உற்சாகமாக விளக்கினான்.

"வரையற வேலையே இல்ல சார். ஷீட்டைக் கொடுத்துட்டா மெஷினே மொத்தத்தையும் பண்ணிடும். ஷீட்ல என்ன இருக்கோ அதுதான் மிளகு, இல்லாதது இல்ல. சரி வந்தாலும் வராட்டியும் நாலு மணிக்கு ஏத்தறோம், அதுக்குள்ள சரி போட்டு அனுப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய ஐந்து ஷீட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினான். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

இரண்டாவது சீசனில் படம் கம்ப்யூட்டருக்குப் போனது, மிளகுவின் நிழலை எடுத்தார்கள். அந்த வருடம் முற்றத்தில் விளையாடிய ரஞ்சுவுக்கு நிழல் விழவில்லை என்று சசிகலாதான் முதலில் சொன்னாள். பனி மூட்டத்தில் யாருக்குத்தான் நிழல் விழுகிறது என்று அவன் சிரித்தான். மூன்றாவதில் ஐம்பத்திரண்டு பாகம் கேட்டார்கள். இத்தனை விரல் எதற்கு, சின்னத் திரையில் நாலே போதும் என்றார்கள். சரி. அந்த ஜூலையில்தான் வேன் கதவில் நசுங்கி ரஞ்சுவின் இடது சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மச்சம் திரையில் அழுக்கு மாதிரித் தெரிகிறது என்று துடைத்தார்கள். ரஞ்சுவின் மச்சமும் வெளுத்து மறைந்தது. வளரும்போது மறையும் என்று சேலத்து டாக்டர் சொன்னார். நாலாவதில் மலையணிலைத் தூக்கினார்கள், கோயிலைத் தூக்கினார்கள், மலையையே தூக்கிவிட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு பச்சைத் தரையில் மிளகுவை நிறுத்தினார்கள். நாலு நொடிக்கு ஒரு சிமிட்டல் என்று வைத்தார்கள். ஐந்தாவதில், மிளகு அழுதால் குழந்தைகள் சேனலை மாற்றுகிறார்கள் என்று கணக்குக் காட்டி, அழுகையை எடுத்தார்கள். சரி, சரி. போன வருடம் ரஞ்சுவுக்குக் கண்ணீர் சுரக்கவில்லை என்று கண்ணில் விடச் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணத்தையும் அவன் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டான். சசிகலா வாங்கவில்லை. "புள்ளைய வெச்சு பொம்மை செஞ்சீங்க. பொம்மை வந்ததும் புள்ளை எப்படியிருக்கான்னு நீங்க பாக்கறதே இல்லீங்க" என்றாள் ஒரு நாள். அதற்குப் பிறகு அவனோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

கடைசி ஷீட்டைப் பார்த்தான். அந்தச் சின்னக் கோட்டை. இன்று காலையில் ரஞ்சு அவனிடம் எத்தனை வார்த்தை பேசினாள்? "போயிட்டு வர்றேன்பா." அவ்வளவுதான். நாலு மணிக்குப் பிறகு அதுவும் இருக்காது.

மணி ஒன்றரை.

முதலில் மெயிலை அழிக்கலாம் என்று நினைத்தான். அழித்தால் அவர்கள் தங்கள் ஷீட்டையே ஏற்றிவிடுவார்கள். மறுபடி பிரகாஷைக் கூப்பிட்டு, வேறு ஷீட் வரைந்து அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான். பிரகாஷுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. உங்கள் இஷ்டம், நாலு மணிக்குக் கையில் எது இருக்கிறதோ அது மெஷினுக்குப் போகும் என்றான்.

அப்புறம் ஐந்து வருடமாகத் தொடாத தாளையும் பென்சிலையும் எடுத்தான். தாளில் நீலப் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டான்; இடது வட்டம் முன்பக்கத்துத் தலைக்கு, வலது வட்டம் பின்பக்கத்துக்கு. முன்பக்கத்தில் தொடங்கினான். முதல் சீசன் மிளகுவை அல்ல, பதினோரு வயசு ரஞ்சுவை வரைந்தான். காதுக்குக் கீழே மச்சம். பத்து விரலும், ஒவ்வொன்றுக்கும் நகம். ஒன்பது வாய், சிரிப்புக்கு இன்னும் மூன்று சேர்த்தான். கண்ணில் தண்ணீர். காலடியில் நிழல். இப்படி அவன் அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று நினைத்தபோது, தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஜன்னல் முழுக்க வெள்ளை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வண்ணம் தீட்டினான். மூன்றே முக்காலுக்கு முன்பக்கம் முடிந்தது. வலது பக்கம் நீல வட்டம் வெறும் வட்டமாக இருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. முகம்தான் முக்கியம், வாய்தான் முக்கியம், மற்றதை ராத்திரி வரைந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று தாளைப் படம் எடுத்தான். அடியில் ‘சரி’ என்று எழுதியிருந்தான். வாசலுக்கு ஓடி, கேட்டின்மேல் ஏறி நின்று, கையைத் தூக்கிப் பிடித்தான். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ‘வந்துடுச்சு சார், ஏத்திட்டோம்’ என்று பிரகாஷ் பதில் போட்டான்.

நாலே காலுக்கு சசிகலா கூப்பிட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது.

"ஏனுங்க, வேன் கடைகிட்ட நின்னுச்சு, ரஞ்சு எறங்கி வந்தா. அழுகறாளுங்க. கண்ணுல தண்ணி வருது. என்னைய பாத்து அழுகறா, சிரிக்கறா, வாய் ஓயாம பேசறா. மச்சங்கூட தெரியுதுங்க."

கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். ரஞ்சு நொம்பப் பாசமாக இருந்தாள் என்று சசிகலா சொல்லிக்கொண்டே போனாள். வேனுக்குத் திரும்பும்போதுகூட அவளை விட்டு முகத்தைத் திருப்ப மனசில்லாமல், பின்பக்கமாகவே நடந்து போய் ஏறினாளாம். சசிகலாவும் இன்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வருகிறாளாம்.

பின்பக்கமாகவே நடந்து.

அவன் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டான். காரணம் வாங்கிப் பழகிய கை.

நாலரைக்கு வேன் வந்தது. டிரைவர் பொன்னுவேல் தினமும் இறங்கி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர். இன்று இஞ்சினை அணைக்கவில்லை, கமலக்கண்ணன் பக்கம் பார்க்கவில்லை. ரஞ்சு இறங்கியதும், கதவைச் சாத்தாமலே, வேன் பனிக்குள் போய்விட்டது.

பனியிலிருந்து ரஞ்சு அவனை நோக்கி ஓடிவந்தாள். அதே ஓட்டம். காப்பிச் செடிகளுக்கு நடுவே நாலு வயசில் ஓடிய ஓட்டம். மச்சம் இருந்தது. பத்து விரலும் அவன் சட்டையைப் பிடித்தன. கண் தாறுமாறாகச் சிமிட்டியது. பனியில்கூட அவள் காலடியில் நிழல் கிடந்தது. "அப்பா, அப்பா" என்று அவள் அழைத்த ஒவ்வொரு அழைப்புக்கும் வாய் வேறு வேறாகத் திறந்தது. "சாமி, எங்கண்ணு" என்று அவள் கன்னத்தைப் பிடித்தான். சூடாக இருந்தது. தோளை அணைக்கக் கையைச் சுற்றினான்.

கை வழுக்கியது. சில்லென்று. தாள் மாதிரி.

கையை எடுத்துவிட்டான்.

"சடை அவுந்துபோச்சுப்பா, பின்னி உடுங்க" என்றாள்.

உள்ளே போனாள். அவனைப் பார்த்தபடியே, பின்பக்கமாகவே நடந்து, படி தடுக்காமல். முக்காலி கிடந்தது. கண்ணாடி இருந்தது. சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வேலை அறைக் கதவு திறந்திருந்தது, மேஜைமேல் தாள்.

"வேண்டாம் சாமி. அம்மா வரட்டும்."

"இல்லப்பா. நீங்கதான் பின்னோணும்."

திரும்பி உட்கார்ந்தாள்.

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்தது. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. அத்தனை அழகாக அவன் எதையும் வரைந்ததில்லை.

அவன் கண்ணைக் கண்ணாடியிலேயே வைத்திருந்தான். கீழே இறக்க முடியவில்லை. இறக்கினான்.

முடி இல்லை. கழுத்து இல்லை. பள்ளிச் சட்டையின் முதுகு இல்லை. முக்காலிக்கு மேலே, ஆள் உயரத்துக்கு, வெள்ளை. வெறும் வெள்ளை. தலை இருக்கவேண்டிய இடத்தில் நீலப் பென்சிலில் போட்ட ஒரு வட்டம்.

வெளியே சசிகலாவின் ஸ்கூட்டர் சத்தம் மேடேறி வந்துகொண்டிருந்தது.

"பின்னுங்கப்பா" என்றது கண்ணாடி முகம், பன்னிரண்டு வாயாலும்.