அடுத்த ஆயில் மாற்றம்

“நாலாம் நம்பர் வண்டியோட ஆயில என் கண்ணு முன்னாடி இறக்குங்க சார்.”

இதைத்தான் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். வேலையில் சேர்ந்த முதல் நாள், வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “லீவு கேளு, நாற்காலி கேளு, என்ன வேணா கேளு. அந்த வண்டியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத.” இரண்டு மாதம் திறக்கவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு எப்போதும்போல ஷெட்டுக்குள் நுழைந்து பையை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். நாலாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. புதுப் பெயிண்ட். முதுகு நிறையக் கருங்கல். அதை ஓட்டப்போவது என் சித்தப்பா என்று பலகையில் எழுதியிருந்தது.

ஷெட் மலை உச்சியில், கல்குவாரியை ஒட்டி, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. ஆறு லாரிகள். கல்லோடு இறங்கும், காலியாக ஏறும். அந்தப் பாதையில் எங்கள் லாரிகளைத் தவிர ஈ காக்காய் வராது. ஷெட்டிலிருந்து பதினோராவது கிலோமீட்டரில் ஒரு வளைவு. ஏழு மாதத்துக்கு முன் என் அப்பா இதே நாலாம் நம்பரோடு அங்கேதான் பள்ளத்துக்குள் போனார். வண்டியைத் தூக்கி, தட்டிச் சரிசெய்து, அன்றுதான் மறுபடி ஓட்டத்துக்கு எடுத்திருந்தார்கள்.

“தூங்கிட்டான்” என்றார் முதலாளி. விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்பா தூங்கவில்லை. இன்ஜின் இறுகி நின்றிருக்கிறது. இறக்கத்தில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்கிறது வண்டியோடு வந்த புத்தகம். அது சமதரையில் ஓடும் வண்டிக்கு. மலை ஏறி இறங்கி, குவாரித் தூசியைக் குடித்து, கல் ஏற்றி முடிக்கும்வரை நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறுமும் வண்டிக்குப் பத்தாயிரமே அதிகம் என்பார் அப்பா. எங்கள் ஷெட்டில் நாற்பதாயிரம் ஓடினாலும் ஆயில் மாறாது.

அட்டை மாறும்.

ஓட்டுநர் கதவின் உள்பக்கம் தொங்கும் சின்ன அட்டை. ஆயில் மாற்றிய கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், அடுத்த ஆயில் மாற்றத்துக்கு ஒரு கட்டம். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதியதில் முத்து முத்தாக எண்களை எழுதித் தொங்கவிட்டால் சர்வீஸ் முடிந்தது. அப்பா போன பிறகு, பாவம் பார்த்து முதலாளி எனக்குக் கொடுத்த வேலை அதுதான். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் என்னுடையது. அதை வாங்கிய கையால் இரண்டு மாதம் பொய் எழுதினேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “என்ன டிகிரி, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்ட?” ஷெட்டில் என் பெயர் அதுதான்.

“எங்க சித்தப்பா ஏறப்போற வண்டி சார்.”

“உங்கப்பன் ஏறுன வண்டியும்தான். தூங்குறவன் தூங்குனா வண்டி என்னம்மா பண்ணும்?” மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார். “யோவ், கம்பிய உருவிக் காட்டுய்யா. படிச்ச புள்ள, கண்ணால பாத்தாத்தான் நம்புமாம்.”

மெக்கானிக் மாமா பானட்டைத் தூக்கினார். தகரக் கூரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் வண்டியின் அருகே போனதும் என் முழங்கையில் ரோமம் எழுந்து நின்றது. கருகிய ஆயில் வாடை. ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டிக் கொடுத்த அப்பாவின் சட்டையில் இருந்த அதே வாடை. சாவி போடாத இன்ஜின், சூடு ஆறுவதுபோல உள்ளுக்குள் டிக், டிக் என்று ஓசையிட்டது.

மாமா ஆயில் அளக்கும் கம்பியை உருவினார்.

தேன் நிறம்.

கம்பியின் நுனியில் ஒரு சொட்டு, வெயிலை உள்ளே வாங்கிக்கொண்டு பொன்னாய்த் தொங்கியது.

முதலாளியின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. வாங்காத ஆயில் எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அடுத்த கணமே மார்பு நிமிர்ந்தது. “பாத்தியா? கொழுப்பெடுத்த கழுதை. கண்ண நல்லாத் தொறந்து பாரு.”

மாமா கம்பியைப் பிடித்தபடியே என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

“பாப்பா... நான் மாத்தல. மத்த வண்டியில இறக்குன கழிவைத்தான் வடிகட்டி ஊத்துனேன். தார் மாதிரி இருந்துச்சு.”

அப்பாவுக்கு எழுத்து வராது, எண் மட்டும் வரும். ஆனால் ஆயிலைப் படிக்கத் தெரியும். என் பழைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் ஒரு சொட்டு விடுவார். உயிருள்ள ஆயில் ஒரே சீராகப் பரவி, வெளுத்த வளையமாகும். செத்த ஆயில் நகராது. நடுவில் கறுப்பாகத் திரண்டு கிடக்கும்.

நான் பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து நீட்டினேன். சொட்டு விழுந்தது. பொன்னாகத்தான் விழுந்தது.

பிறகு நடுவில் கறுத்தது.

கண்விழி மாதிரி ஒரு கறுப்பு, அதைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். தாளுக்குள்ளிருந்து அது என்னையே பார்த்தது.

டொக். டொக்.

ஆயில் பார்த்து முடித்ததும் அப்பா பானட்டை மூடி, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல இரண்டு முறை தட்டுவார். அந்தத் தட்டல்தான். ஆனால் பானட் திறந்தே இருந்தது. சத்தம் இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது.

“கல்லு சரிஞ்சிருக்கும்” என்றார் முதலாளி. “ஏறுய்யா.”

மாமா கம்பியைச் செருகிப் பானட்டை மூடினார். அதுவரை ஓரமாக நின்ற சித்தப்பா ஏறினார். அவர் குள்ளம். அப்பா ஆறடி. சித்தப்பா சீட்டை முன்னால் இழுத்துப் பூட்டினார். சீட் சத்தமில்லாமல் பின்னால் போனது. மறுபடி இழுத்தார். மறுபடி போனது. மூன்றாவது தடவை அவர் கையை எடுக்கும் முன்பே போனது.

கீழே இறங்கி வந்தவரின் உதடு வெளுத்திருந்தது.

“அண்ணன் இன்னும் இறங்கலம்மா” என்றார்.

முதலாளி எழுந்தார். “பயந்தாங்கொள்ளிக் குடும்பம்! நானும் இருபது வருஷம் ஸ்டியரிங் புடிச்சவன்தான்டா. நானே இறக்கிக் காட்டுறேன். சாயங்காலம் திரும்பி வந்ததும் சித்தப்பனும் மகளும் கை கட்டி நிக்கணும், சொல்லிட்டேன்.” வண்டியில் ஏறப்போனவர் நின்றார். “ஏய் டிகிரி, அட்டைய எழுது. அட்ட இல்லாம எந்த வண்டியும் வெளிய போகக் கூடாது.”

மீட்டரைப் பார்த்தேன். 217436. முதல் கட்டத்தில் எழுதினேன். இரண்டாவது கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினேன்.

அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

217447.

ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு. அந்த ஷெட்டில் ஒரே ஓர் ஆள்தான் ஏழை அப்படிப் போடுவார். மை காயவில்லை. அது மையும் இல்லை.

பதினோரு கிலோமீட்டர்.

தாளில் இருந்த கறுப்புக் கண்ணைப் பார்த்தேன். கம்பியில் தொங்கிய பொன் முதலாளிக்காக. இந்தக் கறுப்பு எனக்காக. என்ன நடக்கப்போகிறது என்று அப்பா எனக்குச் சொல்லிவிட்டார். மீதியை என்னிடம் விட்டுவிட்டார்.

அட்டையை நீட்டினேன். “ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க சார்.”

“நான் எதுக்குப் பாக்கணும்? அதுக்குத்தான உன்ன வச்சிருக்கு.” வாங்கி, பார்க்காமலே கதவில் மாட்டினார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். அட்டை தொங்குகிறதா என்று மட்டும் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் உட்கார்ந்ததும், யாரும் இழுக்காமலே சீட் முன்னால் நகர்ந்து, அவர் காலுக்குக் கச்சிதமாக நின்றது.

“பாத்தியா! ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வண்டி எப்படி வளைஞ்சு குடுக்குது!”

ஒரே திருகலில் இன்ஜின் பிடித்தது. அவ்வளவு மென்மையான சத்தத்தை அந்த ஷெட்டில் நான் கேட்டதே இல்லை. மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

கத்தியிருந்தால் முதலாளியின் காதில் விழுந்திருக்கும். ஆறடி தூரம்தான்.

மேசை டிராயரின் சாவியை மேசைமேல் வைத்தேன். எழுதாத அட்டைக் கட்டையும் வைத்தேன். அப்பா சொட்டு விட்டு, கிலோமீட்டர் எழுதி வைத்த தொண்ணூறு தாள்கள் என் பையில் இருந்தன. வேலை முடிந்ததும் அந்த விசாரணைக்காரர்களின் ஆபீசுக்குப் போய்க் காட்டத்தான் அன்று எடுத்து வந்திருந்தேன். அவர்கள் நாளைக்கும் இருப்பார்கள்.

“வாங்க சித்தப்பா.”

ஷெட்டை விட்டு வெளியே வந்தேன். நாலாம் நம்பர் எங்களைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியது. முதலாளி ஜன்னல் வழியே கையை ஆட்டி ஏதோ நக்கலாகச் சொன்னார். சித்தப்பா நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

தாளை மடித்து உள்ளங்கைக்குள் வைத்திருந்தேன். நன்றாகச் சூடாகிவிட்டது.

டொக். டொக்.

கைக்குள்தான். நான் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தேன்.