பத்துக்குப் பத்து வலி!

"ஆ... ஆ... ஆ!"

வலி ஆராய்ச்சிக் கூடத்தின் மூன்றாவது மாடி அந்த அலறலில் அதிர்ந்தது!

சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. முன்னால் ஏட்டு. பின்னால், ஒவ்வொரு படியாக, இடுப்பைப் பிடித்தபடி இன்ஸ்பெக்டர் அம்மாள்.

பல வருஷ முதுகு வலி. தலையில் முட்டைக் கூடை சுமப்பவளைப் போலத்தான் நடப்பாள். ஸ்டேஷனில் செல்லப் பெயர் 'முட்டை மேடம்'. காதில் விழும். ஆனால் சட்டென்று திரும்பித் திட்ட இடுப்பு ஒத்துழைக்க வேண்டுமே!

உள்ளே...

தரையில் டாக்டர்! பக்கத்தில் ஃப்ரிட்ஜ் 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

"போச்சு மேடம்! நான் கண்டுபிடிச்ச வலி மருந்து... அத்தனை குப்பியும் போச்சு! பின்னாலேர்ந்து மண்டையில ஒரே போடு!"

"யாரு?"

"அந்தத் தையல்காரன்! ஆராய்ச்சிக்கு வர்ற ஆளு. வெளியில உக்காந்திருக்கான் பாருங்க, திருட்டு முழி!"

ஏட்டு தையல்காரரை இழுத்து வந்தார்.

"ஐயோ, நான் அடிக்கலீங்க! தோள்வலியில என் வலது கையைத் தூக்கவே முடியாம கிடந்தவனுங்க நான்!"

"அது அப்போ! இப்ப நல்லாத் தூக்குவான்!" டாக்டர் கத்தினார்.

தையல்காரரின் முகம் மலர்ந்தது.

"ஆமாங்க! பாக்கறீங்களா?" கை கூரையை நோக்கி விறுவிறுவென்று உயர்ந்தது.

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். "யோவ்! மாட்டிக்கிறதுல இவ்ளோ சந்தோஷமா?"

அப்போதுதான் தையல்காரருக்கு உறைத்தது. "என்னை உள்ள வெச்சிட்டா வீட்ல மூணு பொம்பளப் பிள்ளைங்க மேடம்..."

இன்ஸ்பெக்டர் டாக்டரிடம் திரும்பினாள். உடம்பு மொத்தமாகத்தான் திரும்பியது.

"வலி பத்துக்கு எத்தனை டாக்டர்?"

"பத்து! பத்துக்குப் பத்து!"

"எப்படி வலிக்குது?"

"எரியுது! எறும்பு ஊருது! கரண்ட் அடிக்குது!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

இப்போதுதான் அடிபட்ட மண்டை 'விண்விண்' என்றல்லவா தெறிக்கும்? எறும்பும் கரண்ட்டும் நாள்பட்ட நரம்பு வலியின் சொந்தக்காரர்கள் ஆயிற்றே! அவளுக்கா தெரியாது?

வாயைத் திறப்பதற்குள்...

"பாம்ம்ம்பு!" ஏட்டு அலறினார்.

அவ்வளவுதான்!

ஏட்டு ஜன்னலில். தையல்காரர் அலமாரியில். டாக்டர் ஒரே தாவலில் மேஜை மேல்!

கிளிங்... கிளிங்... கிளிங்...

டாக்டரின் கோட்டிலிருந்து குட்டிக் குட்டிக் குப்பிகள் உதிர்ந்து தரையில் உருண்டன!

மூலையில் சுருண்டு கிடந்தது ஒரு கறுப்பு வயர்.

"அது வயருய்யா!" என்றாள் இன்ஸ்பெக்டர், நாற்காலி உச்சியிலிருந்து. மறுகணம் திடுக்கிட்டாள். "நான் எப்படி இங்க ஏறினேன்? வலிக்கவே இல்லையே!"

பாடம் எடுக்கும் புத்தி டாக்டரை விடவில்லை.

"ஆபத்துன்னா மூளை வலியைத் தள்ளி வெச்சிடும் மேடம். உங்க வலி நிஜம்தான். ஆனா காயம் ஆறியிருக்கும், மூளையோட அலாரம்தான் ஓயல. திருடன் போன பிறகும் அது அடிச்சிக்கிட்டே இருக்கும்..."

"திருடன் இன்னும் போகல டாக்டர். மேஜை மேல நிக்கறான்!"

டாக்டர் குப்பிகளைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மருந்து... பலிக்கல மேடம். வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டவங்களுக்கும் இதே அளவுதான் வலி குறைஞ்சுது. நாளைக்கு வேற லேப்காரங்க குப்பிய வாங்கிச் சோதிக்கப் போறாங்க. மானம் கப்பலேறிடும்!"

"அதுக்கு இந்த அப்பாவி என்ன பண்ணாரு?"

"அவனுக்கு மருந்தே குடுக்கல! வலி ஏன் வருதுன்னு புரிய வெச்சோம். தினம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வெச்சோம், கையை அசைக்க வெச்சோம். அந்தக் கோஷ்டிதான் மத்தவங்களைவிடத் தேறிடுச்சு! அவன் கைதான் எனக்கு எதிரான சாட்சி!"

"அடப்பாவி! அதையே சொல்லியிருந்தா உலகமே கொண்டாடியிருக்குமேய்யா!"

"நடையை எவன் மேடம் குப்பியில அடைச்சு விப்பான்?"

தையல்காரர் அலமாரியிலிருந்து இறங்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"மேடம், ஜீப்பை வாசலுக்கு வரச் சொல்லவா?" என்றார் ஏட்டு.

"வேண்டாம்யா. ஸ்டேஷன் ரெண்டு தெருதான், நடந்தே போவோம்! எனக்கு வைத்தியம்... டாக்டருக்கு ஊர்வலம்!"