நாற்பத்தெட்டு நிமிடம் கழித்து வந்த குரல்

மைசூரு விஜயநகரில் வக்கீல் கனகலக்ஷ்மியின் அலுவலகத்துக்கு வந்த பஞ்சவர்ணம் உட்காரவே இல்லை. ஹனூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவர் மகன் கவின்ராஜ், தன் மனைவி சுசித்ராவைக் காவிரியில் தள்ளிக் கொன்றதாகச் சிறையில் இருந்தான்.

"அந்தக் குரலு எம்மருமவ குரலுதானுங்க. ஆனாக் கேட்டா மேலெல்லாம் கூசுதுங்க."

ஜூனியர் அஷ்வினி, குற்றப்பத்திரிகையோடு வந்த பென்டிரைவைப் போட்டாள். இறந்தவள் பேசினாள். "மதா, அவர் என்னைத் தண்ணியில தள்ளப் பார்க்கிறார். எனக்கு ஏதாவது ஆனா அவர்தான் பொறுப்பு." சுசித்ராவின் போனிலிருந்து அவள் தம்பி மதனுக்குப் போன குரல்செய்தி அது.

மூன்றாம் முறை கேட்டபோது அஷ்வினி பாதியில் நிறுத்தினாள்.

"மேடம், இவங்க நடுவுல மூச்சே விடல!"

"அவளுக்கு இளைப்புங்க," என்றார் பஞ்சவர்ணம் மெதுவாக. "நாலு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்குவா."

"மதன் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார் கனகலக்ஷ்மி.

"பாடப் புஸ்தகத்தக் கம்ப்யூட்டர் குரல்ல படிக்க வைக்கற வேலைங்க. அக்கா குரலக்கூட எடுத்து வெச்சிருந்தான்."

அஷ்வினி துள்ளி எழுந்தாள். கனகலக்ஷ்மி கையமர்த்தினார்.

"சந்தேகப்பட இது போதும். கோர்ட்டுக்குப் போதாது. கடைசி இணைப்பைப் படிச்சியா? சுசித்ரா கட்டியிருந்த ஸ்மார்ட் கைக்கடிகாரத்தோட அறிக்கை."

அஷ்வினி புரட்டினாள். காலை 9:52க்கு நீரில் மூழ்கியது. சற்று நேரத்தில் நாடித் துடிப்பு நின்றது. அதன்பின் நீரைவிட்டு வெளியே வரவே இல்லை. குரல் வந்த நேரமோ 10:40.

"ஹௌது, ஆமா மேடம்! ஆனா கடிகாரம் கெட்டுப் போச்சுன்னு சொல்வாங்களே?"

"சொல்லட்டும். போன் படித்துறையில நனையாம கிடந்தது. தண்ணிக்குள்ள இருந்தவங்க அதை எடுக்க முடியாது. கவின்ராஜ் எடுத்திருந்தா தன்னையே மாட்டிவிடுவாரா? அப்போ மிச்சம் யாரு?"

சம்பவம் நடந்த ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அன்று போனவர்கள் கணவன், மனைவி, மதன் என்று மூன்றே பேர். கவின்ராஜ் கோயில் வரிசையில் நின்றதாகச் சொன்னான். மதன் காரில் இருந்ததாகச் சொன்னான்.

ஸ்ரீரங்கப்பட்டணம் நீதிமன்றத்தில் மதன் சாட்சிக் கூண்டேறினான். கனகலக்ஷ்மி குரலை உயர்த்தவே இல்லை.

"செய்தி வந்ததும் ஓடினீங்க. படியில இருந்த போனை எடுத்துப் போலீஸ்ல கொடுத்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்களுக்கு அதைத் திறக்கத் தெரியுமா?"

"தெரியும்."

கடிகார அறிக்கையை அவன் முன் வைத்தார். "உங்க அக்கா ஆத்துக்குள்ள போய் நாற்பத்தெட்டு நிமிஷம் ஆனப்புறம் பேசியிருக்காங்க. யார் பேச வச்சது, மதன்?"

தனக்கே தீங்கான சாட்சியை அவன் சொல்லத் தேவையில்லை என்று நீதிபதி எச்சரித்தார். மதன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கார்ல இல்லீங்க. பத்தடி தள்ளிப் படியில உக்காந்திருந்தேன். 'பாத்துக்கடா மதா'ன்னு சொல்லிட்டுத்தான் அக்கா குளிக்கத் தண்ணியில எறங்குனா. தலையாட்டுனேன். போன விட்டுக் கண்ண எடுக்கல. நிமுந்து பாத்தப்போ ஆறு மட்டுந்தான் இருந்துச்சு. எங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? வேற யாராச்சும் பண்ணதா இருக்கணும்னு தோணுச்சுங்க. அக்கா குரல நாந்தான் பேச வச்சேன்."

அஷ்வினி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

குற்றவாளிக் கூண்டிலிருந்து கவின்ராஜ் முதல் முறையாக வாய் திறந்தான்.

"மதா, அவ வேற ஏதாச்சும் சொன்னாளா?"

மதன் அக்கா கணவன் பக்கம் திரும்பினான்.

"மாமா கோயில்ல இருந்து வந்ததும் சேந்து சாப்புடலாம்னா."